கதிரவன் வீசும் காற்று

சேலம் மாவட்டத்தினின்றும் பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. அது நிகழ்ந்தது 1965-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள். புதிய மாவட்டம் பிறந்து ஒரு திங்கள் நிறைவதற்குள் அதன் கீழ்வானில் ஒரு புதிய விருந்தாளி வந்து நின்றது. விடியுமுன் எழுந்து கழனிக்குச் செல்பவர் தீர்த்தமலைப் பக்கமாகக் கண்ணை உயர்த்தினால், அடிவானத்திலிருந்து சாய்வாக மேலெழுந்த நீண்ட வெண்ணிற ஒளிக்கற்றை ஒன்றைக் காணலாம். கதிரவன் எழ எழ அது மங்கி மறையும். மறுநாள் விடியுமுன் மீண்டும் தோன்றும். அதுவே இக்கேயா-செக்கி என்னும் வால்மீன்.

அதற்கு அப்பெயர் வந்த வரலாறும் சுவையானதே. சப்பான் நாட்டில் இக்கேயா என்பவர் பியானோ செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றியவர். செக்கி என்பவர் கித்தார் என்னும் இசைக்கருவியைப் பயிற்றுவித்தவர். இருவரும் வானூலைத் தொழிலாகக் கொண்டவரல்லர். ஆயினும், அவ்வாண்டு செப்டம்பர் 18-ஆம் நாள், ஒருவரை ஒருவர் அறியாமல், இருவரும் அவ்வால்மீனைக் கண்டுபிடித்தனர். அக்டோபர் 21-ஆம் நாள் அது கதிரவனை மிக நெருங்கிச் சென்றது. கதிரவனுடைய மேற்பரப்பிற்கும் அதற்கும் இடையே அப்பொழுது ஐந்து இலட்சம் கிலோமீட்டர்கூட இல்லை. பின்னர் அது கதிரவனைச் சுற்றிக்கொண்டு வெளியேறத் தொடங்கிற்று. தருமபுரி மக்கள் அதனைக் கண்டது அவ்வாறு அது விலகிச் சென்றுகொண்டிருந்த நாள்களிலேதான்.

வால்மீன் தோன்றினால் நாட்டிற்குத் தீங்கு வரும் என்று நம் முன்னோர் அஞ்சினர். பிற நாட்டாரும் அவ்வாறே அஞ்சினர். அச்சத்தை விட்டு அதனை உற்று நோக்கியவர்களுக்கு, அது வேறொரு புதிரை எடுத்து நீட்டியது. வால் என்றால் பின்னால் வரவேண்டும் அன்றோ? குதிரை ஓடினால் அதன் வால் பின்னே பறக்கிறது. வண்டி ஓடினால் புழுதி பின்னே எழுகிறது. வால்மீனோ கதிரவனை நோக்கி வரும்பொழுது வாலைப் பின்னே வைத்துக்கொண்டு வருகிறது; கதிரவனை விட்டு விலகிப் போகும்பொழுது வாலை முன்னே நீட்டிக்கொண்டு செல்கிறது. அது எத்திசையில் ஓடினும், வால் கதிரவனுக்கு எதிர்ப்புறமாகவே விலகி நிற்கும். இதனை ஐரோப்பாவில் அப்பியான் என்பவர் 1531-ஆம் ஆண்டில் தோன்றிய வால்மீனைக் கொண்டு விளக்கினார். சீன நாட்டு வானூலார் அவருக்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே இதனைக் கண்டு எழுதி வைத்திருந்தனர்.

களத்தில் தானியம் தூற்றுவோரைப் பார்த்தால் இஃது எளிதில் விளங்கும். தூற்றுகிறவர் கிழக்கே நடந்தாலும் மேற்கே நடந்தாலும், பதர் பறக்கும் திசை மாறுவதில்லை. காற்று எப்பக்கம் அடிக்கிறதோ அப்பக்கமே பதர் செல்கிறது. அவ்வாறாயின், கதிரவனிடமிருந்து எல்லாத் திசைகளிலும் ஏதோ ஒன்று ஓயாது வீசிக்கொண்டிருத்தல் வேண்டும். அது யாது?

கதிரவனின் ஒளியே வாலைத் தள்ளுகிறது என்று அறிஞர் நெடுங்காலம் கருதினர். ஒளிக்கும் மெல்லிய தள்ளும் ஆற்றல் உண்டு என்பது உண்மையே. வால்மீனுக்குப் பெரும்பாலும் இரண்டு வால்கள் இருக்கும். ஒன்று தூசியாலானது, சற்றே வளைந்திருப்பது. அதனை ஒளி தள்ளுகிறது என்பது கணக்குக்குப் பொருந்திற்று. மற்றொன்று மின்னேற்றம் பெற்ற வாயுவாலானது. நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பது. இவ்வாயு வாலின் வேகத்தை அளந்து பார்த்தபொழுது, ஒளியின் தள்ளுதல் அதற்குச் சிறிதும் போதாது என்பது தெரியவந்தது. கதிரவனிடமிருந்து மிக நுண்ணிய துகள்கள், வினாடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில், எல்லாப் பக்கமும் எந்நேரமும் பாய்ந்து வருகின்றன என்று செருமானிய நாட்டு லூத்விக் பீர்மன் 1951-ஆம் ஆண்டில் கூறினார். அவர் கண்ட முடிவு சரியே. ஆனால் ஏன் பாய்கின்றன, எவ்வாறு பாய்கின்றன என்பதை அவரால் சொல்ல இயலவில்லை. கதிரவனுடைய ஈர்ப்பு விசை நிலவுலகின் ஈர்ப்பைவிட ஏறத்தாழ இருபத்தெட்டு மடங்கு வலியது. அவ்வளவு வலிய பிடியிலிருந்து துகள்கள் எங்ஙனம் தப்புகின்றன?

இவ்வினாவிற்கு விடை கண்டவர் யூஜின் பார்க்கர் என்னும் அமெரிக்கர். அவர் 1927-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்தில் ஹூட்டன் என்னும் ஊரில் பிறந்தார். மிச்சிகனில் கல்லூரிக் கல்வியை முடித்து, கலிபோர்னியாவில் 1951-ஆம் ஆண்டில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். சிலகாலம் ஊட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பின்னர், 1955-ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்திற்கு வந்து சேர்ந்தார். அங்கே ஜான் சிம்சன் என்னும் பேராசிரியர், விண்வெளியிலிருந்து பொழியும் அண்டக் கதிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கதிரவனின் நடவடிக்கைக்கு ஏற்ப அக்கதிர்கள் கூடியும் குறைந்தும் வந்தன. இடைவெளியில் ஏதோ ஒன்று அவற்றைத் தடுக்கிறது என்பது தெளிவாக இருந்தது. பார்க்கரின் சிந்தனை கதிரவன் பக்கம் திரும்பியது இவ்வாறுதான்.

முழுச் சூரிய கிரகணத்தின்பொழுது, கரிய வட்டத்தைச் சூழ்ந்து முத்து நிறத்தில் ஓர் ஒளிமுடி தோன்றுவதைக் காணலாம். அதுவே கதிரவனின் புறவளி மண்டலம். கதிரவனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி வெப்பமுள்ளது. அதற்கு மேலுள்ள இவ்வொளிமுடியோ பத்து இலட்சம் டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பமுள்ளது! அடுப்பைவிட அதன்மேல் எழும் ஆவி சூடாயிருப்பது போன்ற வியப்பு இது. இந்த வெப்பத்தின் காரணத்தை விஞ்ஞானிகள் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கின்றனர்.

இவ்வளவு வெப்பமுள்ள வாயு வெப்பத்தை மிக எளிதில் கடத்தும். ஆதலால் ஒளிமுடி கதிரவனோடு நின்றுவிடாமல், நிலவுலகையும் கடந்து பரவியிருத்தல் வேண்டும் என்று சிட்னி சாப்மன் என்னும் அறிஞர் 1957-ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் அவர் கருத்துப்படி அவ்வாயு அசையாமல் நிற்பது. குளத்து நீரைப் போன்றது. பீர்மன் கருத்துப்படியோ அவ்விடத்தில் ஆற்று வெள்ளம் போலத் துகள்கள் பாய்கின்றன. பார்க்கர் இருவர் கருத்தையும் அறிந்திருந்தார். பீர்மனோடும் சாப்மனோடும் நேரில் உரையாடியும் இருந்தார். இருவர் கூறுவதிலும் பிழை தென்படவில்லை. ஆனால் ஒரே இடத்தில் குளமும் வெள்ளமும் இருத்தல் இயலாதே! மின்னேற்றமுள்ள ஒரு வாயு மற்றொன்றை ஊடுருவித் தடையின்றிச் செல்லவும் முடியாது. அவ்வாறாயின் அவ்விரண்டும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். கதிரவனுக்கு அருகில் அசைவற்றதுபோல் தோன்றும் ஒளிமுடியே, தொலைவில் பாயும் வெள்ளமாக மாறுகிறது. பார்க்கர் இவ்வாறு எண்ணினார்.

எண்ணியதை அவர் கணக்கிட்டும் பார்த்தார். நிலவுலகின் காற்று மண்டலம் மேலே செல்லச் செல்ல அடர்த்தி குறைந்து இல்லாமற் போகிறது. அது குளிர்ந்த வாயு. ஆதலால் நிலவுலகின் ஈர்ப்பு அதனை எளிதில் பிடித்து வைத்துக்கொள்கிறது. கதிரவனின் ஒளிமுடி அத்தகையதன்று. தொலைவு இரண்டு மடங்கானால் கதிரவனின் ஈர்ப்பு நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஆனால் ஒளிமுடியின் வெப்பமோ அவ்வளவு விரைவாகக் குறைவதில்லை. பிடிக்கும் கை தளர்கிறது. திமிறும் வலிமை தளரவில்லை. அவ்வாயுவை வெளியிலிருந்து ஏதேனும் ஒன்று அழுத்தி நிறுத்தினாலன்றி அது நில்லாது. விண்மீன்களுக்கு இடையே உள்ள வெளியிலோ அவ்வாறு அழுத்தக்கூடிய பொருள் இல்லை. ஆகவே வாயு விரிந்து வெளியே ஓடியே தீரும். முதலில் மெல்ல நகர்ந்து, பிறகு விரைவு பெற்று, இறுதியில் ஒலியின் வேகத்தையும் கடந்து பாயும். இதனை நிறுவுவதற்குப் பார்க்கருக்குத் தேவைப்பட்ட கணிதம் சில வரிகளே. அந்தப் பாய்ச்சலுக்கு அவர் 'சூரியக் காற்று' என்று பெயரிட்டார்.

பார்க்கர் தம் கட்டுரையை 1958-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வானியற்பியல் ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பினார். அப்பொழுது அவருக்கு வயது முப்பது. இத்தகைய இதழ்களில் எக்கட்டுரையும் உடனே அச்சேறுவதில்லை. அத்துறையில் வல்ல ஒருவரிடம் அனுப்பி, அவர் கருத்தைப் பெற்ற பின்னரே ஆசிரியர் முடிவு செய்வார். பார்க்கரின் கட்டுரையைப் படித்த முதல் வல்லுநர், இவர் எழுதுவதற்கு முன் நூலகத்திற்குச் சென்று இப்பொருள் பற்றிச் சற்றே படித்து வருதல் நன்று என்னும் கருத்தில் எழுதி, கட்டுரையைத் தள்ளிவிட்டார். பார்க்கர் வேறொருவருடைய கருத்தைக் கேட்குமாறு வேண்டினார். இரண்டாமவரும் கட்டுரை தவறென்றே எழுதினார்.

அவ்விருவரையும் பொறாமைக்காரர் என்றோ மூடர் என்றோ கருதிவிடலாகாது. விண்வெளி என்பது அநேகமாக வெறும் வெளி என்பதே அக்கால அறிஞரின் பொதுவான நம்பிக்கை. அங்கே ஒலியை விஞ்சிய வேகத்தில் ஓயாத புயல் ஒன்று வீசுகிறது என்று ஓர் இளைஞர் எழுதினால், யாருக்குத்தான் வியப்பு உண்டாகாது? ஆயினும் வியப்பு வேறு. பிழை கண்டுபிடித்தல் வேறு. அவ்விருவரும் கட்டுரையில் உள்ள கணக்கில் இன்ன வரி தவறு என்று ஓரிடத்திலும் சுட்டிக் காட்டவில்லை.

இனி முடிவு இதழாசிரியர் கையில் இருந்தது. அவ்வாசிரியர் ஒரு தமிழர், சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சந்திரசேகர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் துறையில் உயர் அலுவலர். தாயார் சீதாலட்சுமி, இப்சன் என்னும் நார்வே நாட்டு ஆசிரியரின் நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்தவர். நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் இவருக்குச் சிற்றப்பா. குடும்பம் சென்னைக்கு வந்த பின்னர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சந்திரசேகர் பயின்றார். மேற்படிப்பிற்காக 1930-ஆம் ஆண்டில், தம் பத்தொன்பதாம் வயதில், பம்பாயில் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். அக்கப்பற் பயணத்திலேயே அவர் உள்ளத்தில் ஓர் அரிய கணக்கு உருவாயிற்று. எரிபொருள் தீர்ந்த விண்மீன்கள் சுருங்கி, வெண்குறுமீன்களாகி அமைதியுறும் என்று அறிஞர் நம்பியிருந்தனர். அவ்வாறு அமைதியுறுவதற்கும் ஓர் எல்லை உண்டு. கதிரவனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட பொருண்மை உடையது வெண்குறுமீனாக நிற்க இயலாது, மேலும் மேலும் சுருங்கும் என்பது அவர் கண்ட முடிவு.

கேம்பிரிட்சில் அக்கணக்கைத் திருத்தமாகச் செய்து முடித்து, 1935-ஆம் ஆண்டு சனவரி 11-ஆம் நாள், இலண்டன் அரச வானூற் கழகக் கூட்டத்தில் அதனை எடுத்துரைத்தார். அவரை அடுத்துப் பேசியவர் சர் ஆர்தர் எடிங்டன். அக்காலத்து வானூலாருள் தலைசிறந்தவர்; சந்திரசேகரின் பணியை அருகிலிருந்து கவனித்து வந்தவரும்கூட. அவர் எழுந்து, விண்மீன் இவ்வாறு பொருத்தமற்று நடந்துகொள்ளாதபடி தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தே தீரும் என்னும் பொருளில் நகையாடிப் பேசினார். அவையில் சிரிப்பொலி எழுந்தது. கணக்கில் எங்கே பிழை என்று எடிங்டனால் ஏற்கத்தக்க வகையில் காட்ட முடியவில்லை. ஆயினும் எடிங்டன் சொல்லே செல்லுபடியாயிற்று. பிற பேரறிஞர் சிலர் சந்திரசேகர் பக்கமே நியாயம் உள்ளதெனத் தனிமையில் ஒப்புக்கொண்டனர். வெளிப்படையாகச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. இருபத்து நான்கு வயது இளைஞருக்கு அது எத்தகைய நாளாக இருந்திருக்கும்! அவர் எடிங்டனைப் பகைக்கவில்லை. அமெரிக்கா சென்று, தாம் கண்டவற்றையெல்லாம் 1939-ஆம் ஆண்டில் ஒரு நூலாக எழுதி வைத்துவிட்டு, வேறு துறைக்குத் திரும்பிவிட்டார். அவ்வெல்லை இன்று 'சந்திரசேகர் எல்லை' என்றே உலகெங்கும் வழங்குகிறது. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1983-ஆம் ஆண்டிலேதான்.

அத்தகையவர் 1952-ஆம் ஆண்டு முதல் அவ்விதழின் ஆசிரியர் பொறுப்பில் இருந்தார். பார்க்கரின் கட்டுரை பற்றி இரு வல்லுநரின் மறுப்பும் அவர் மேசைக்கு வந்துவிட்டன. அவர் ஒருநாள் பார்க்கரின் அறைக்கே வந்தார். இத்துறையில் பெயர்பெற்ற இருவரிடம் கட்டுரையை அனுப்பியதாகவும், இருவருமே அது தவறென்று கூறுவதாகவும் சொல்லி, இதனை உண்மையாகவே வெளியிட விரும்புகிறீரா என்று கேட்டார். அவ்விருவரும் கணக்கில் எந்தப் பிழையையும் குறிப்பிட்டுக் காட்டவில்லையே என்று பார்க்கர் விடையிறுத்தார். சந்திரசேகர் சற்றே சிந்தித்தார். பின்னர், சரி, வெளியிடுகிறேன் என்றார்.

இதில் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. சூரியக் காற்று என்னும் கருத்தில் சந்திரசேகருக்கும் நம்பிக்கை ஏற்படவில்லை. இதனைப் பார்க்கரே பின்னாளில் பலமுறை கூறியுள்ளார். வல்லுநர் இருவர் நம்பவில்லை, ஆசிரியரும் நம்பவில்லை, ஆயினும் கட்டுரை அச்சேறியது. தமக்குப் பிடித்த கருத்தை வெளியிடுவது எவர்க்கும் எளிது. தமக்கு ஒவ்வாத கருத்தை, பிழை காட்ட இயலவில்லை என்னும் ஒரே காரணத்திற்காக வெளியிட்ட ஆசிரியர் அரியர். இலண்டனில் எழுந்த சிரிப்பொலி அப்பொழுது அவர் நினைவில் எழுந்ததோ என்பது வேறு. அவர் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 1958-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இதழில் பார்க்கரின் கட்டுரை வெளிவந்தது.

வெளிவந்தவுடன் உலகம் அதனை ஏற்றுக்கொண்டதென்று எண்ணலாகாது. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேம்பர்லின் என்பவர், கதிரவனிலிருந்து வாயு வெளியேறுவது மெய்யாயினும் அது புயலன்று, மெல்லிய தென்றலே என்று 1960-ஆம் ஆண்டில் வாதிட்டார். புயலா, தென்றலா? கணக்கு இரண்டுக்கும் இடம் கொடுப்பதுபோல் தோன்றிற்று. இனி அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் நிலவுலகின் காற்று மண்டலத்துக்கும் காந்தப் புலத்துக்கும் உள்ளே இருந்துகொண்டு அதனை அளத்தல் இயலாது.

நல்வாய்ப்பாக, மனிதன் விண்வெளிக்குக் கருவிகளை அனுப்பத் தொடங்கிய காலம் அது. சோவியத் நாடு 1959-ஆம் ஆண்டில் நிலவை நோக்கி ஏவிய கலங்களில் இருந்த கருவிகள் துகள்களின் ஓட்டத்தை உணர்ந்தன. ஐயத்திற்கு இடமின்றி அதனை உறுதி செய்தது, அமெரிக்கா 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் வெள்ளிக் கோளை நோக்கி ஏவிய மாரினர்-2 என்னும் கலம். மூன்று திங்களுக்கு மேலாக அது செல்லும் வழியெல்லாம் அளந்துகொண்டே சென்றது. துகள்கள் வீசாத நாளே இல்லை. வேகமும் வினாடிக்கு மூந்நூறு கிலோமீட்டர் முதல் எண்ணூறு கிலோமீட்டர் வரை இருந்தது. பார்க்கர் காகிதத்தில் கண்ட புயல் மெய்யாகவே வீசிக்கொண்டிருந்தது.

அக்காற்று நாம் அறிந்த காற்றைப் போன்றதன்று. அது பெரும்பாலும் புரோட்டான்களும் எலெக்ட்ரான்களும் கலந்தது. சிறிதளவு ஹீலியக் கருக்களும் உண்டு. நிலவுலகின் அருகில் ஒரு கன சென்டிமீட்டரில், அதாவது ஒரு சிறு சுண்டைக்காய் அளவு இடத்தில், ஏறத்தாழ ஐந்தே துகள்கள் இருக்கும். அவ்வளவு அடர்த்தி குறைந்தது. ஆயினும் கதிரவன் ஒவ்வொரு வினாடியும் பத்து இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட பொருளை இக்காற்றாக வீசி எறிகிறது! கதிரவனின் பெருமைக்கு முன் இஃது ஒரு பொருட்டன்று. இன்று கதிரவனை விட்டுப் புறப்படும் துகள், நடுத்தர வேகமாயின், நான்கு நாளில் நம்மை வந்தடையும்.

வந்தடையும் துகள்கள் நம்மைத் தாக்குவதில்லை. நிலவுலகின் காந்தப் புலம் ஒரு கேடயம் போல் நின்று அவற்றை ஒதுக்கிவிடுகிறது. ஆனால் கதிரவனின் ஒளிமுடியிலிருந்து சில வேளைகளில் பெரும் வாயுத்திரள்கள் வெடித்துக் கிளம்புகின்றன. அவை வந்து மோதும்பொழுது கேடயமே அதிரும். 1859-ஆம் ஆண்டு செப்டம்பர்த் தொடக்கத்தில் அத்தகைய பெரும் புயல் வீசிற்று. பம்பாயில் கொலாபாக் காந்த ஆய்வு நிலையத்துக் கருவிகள் அதனைப் பதிவு செய்தன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தந்திக் கம்பிகளில் தாமாகவே மின்சாரம் பாய்ந்தது. 1989-ஆம் ஆண்டு மார்ச்சு 13-ஆம் நாள் வீசிய புயலால் கனடாவின் கியூபெக் மாநிலம் முழுவதும் இருளில் ஆழ்ந்தது. அறுபது இலட்சம் மக்கள் பல மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். தந்தி போய்விட்டது, ஆனால் தொலைபேசியும் வானிலை அறிவிப்பும் வழிகாட்டும் கருவிகளும் இன்று செயற்கைக் கோள்களை நம்பி நிற்கின்றன. ஆதலால் கதிரவனின் காற்றை அறிதல் முன்னைவிடத் தேவையாகிவிட்டது.

அவ்வாராய்ச்சியில் தமிழ்நாட்டிற்கும் பங்கு உண்டு. கொடைக்கானல் மலைமேல் உள்ள வான் ஆய்வகம் 1901-ஆம் ஆண்டு முதல் கதிரவனைக் கண்காணித்து வருகிறது. உதகமண்டலத்தின் அருகில் முத்தொரையில், மலைச்சரிவின்மீது, 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கி ஒன்று 1970-ஆம் ஆண்டில் கோவிந்த் சுவரூப் என்னும் அறிஞரின் தலைமையில் அமைக்கப்பட்டது. காற்று மண்டலத்தின் அசைவால் விண்மீன் கண் சிமிட்டுவதை நாம் அறிவோம். அதுபோலவே, தொலைதூர வானொலி மூலங்களிலிருந்து வரும் அலைகளும் கதிரவனின் காற்றைக் கடந்து வருகையில் சிமிட்டுகின்றன. அச்சிமிட்டலைக் கொண்டு, காற்றின் வேகத்தை இருந்த இடத்திலிருந்தே கணிக்கிறார்கள் உதகை விஞ்ஞானிகள்.

இந்தியா அனுப்பிய ஆதித்தியா-எல்1 என்னும் கலம் 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது; 2024-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் தன் இடத்தை அடைந்தது. அவ்விடம் நிலவுலகிலிருந்து கதிரவனை நோக்கிப் பதினைந்து இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நிலவுலகின் காந்தக் கேடயத்திற்கு வெளியே நிற்பதால், சூரியத் துகள்களை நேரில் பிடித்து எண்ணும் கருவிகளை அது தாங்கிச் சென்றது. அத்திட்டத்தின் இயக்குநராய் இருந்து அதனை நிறைவேற்றியவர், செங்கோட்டையில் பிறந்து அவ்வூர்ப் பெண்கள் பள்ளியில் படித்த நிகர் ஷாஜி அம்மையார்.

பார்க்கர் தம் வாழ்நாள் முழுவதும் கதிரவனையும் காந்தப் புலங்களையும் ஆராய்ந்தார். சிகாகோவிலேயே பணியாற்றி ஓய்வு பெற்றார். சந்திரசேகர் 1971-ஆம் ஆண்டு வரை இதழாசிரியராக இருந்து, 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் மறைந்தார். அமெரிக்க விண்வெளி நிறுவனம் 1999-ஆம் ஆண்டில் ஏவிய பெரிய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்குச் 'சந்திரா' என்று அவர் பெயரையே சூட்டிற்று. அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்துக் கதிரவனை நோக்கி ஒரு கலத்தை அனுப்ப முற்பட்டபொழுது, அதற்குப் பார்க்கரின் பெயரை வைத்தனர். உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரை அந்நிறுவனம் ஒரு கலத்திற்கு வைத்தது அதுவே முதன்முறை. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள், விடியுமுன், புளோரிடாக் கடற்கரையில் அக்கலம் தீப்பிழம்போடு எழுந்ததைத் தொண்ணூற்றொரு வயதுப் பார்க்கர் நேரில் நின்று பார்த்தார்.

2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அது கதிரவனின் ஒளிமுடிக்குள்ளேயே புகுந்து வந்தது. மனிதன் செய்த பொருள் ஒன்று அங்கே சென்றது அதுவே முதன்முறை. அச்செய்தியையும் கேட்ட பின்னரே, 2022-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள் பார்க்கர் காலமானார். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் அக்கலம் கதிரவனின் மேற்பரப்பிலிருந்து அறுபத்தோர் இலட்சம் கிலோமீட்டர் தொலைவில், மணிக்கு ஏறத்தாழ 6,90,000 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. இக்கேயா-செக்கி இதைவிடப் பன்மடங்கு நெருங்கிச் சென்றதாயினும், அதனிடம் அளவுகோல் ஏதும் இருக்கவில்லை.

கலத்தின் முன்புறத்தில் பதினொரு சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுந்த கனமுள்ள கரித்தகடு ஒன்று கேடயமாக நிற்கிறது. கதிரவனை நோக்கிய அதன் முகம் 1,400 டிகிரி அளவுக்குக் காய்கிறது. அதன் பின்னாலுள்ள கருவிகளோ நம் வீட்டு அறையில் இருப்பவைபோல் குளிர்ந்திருக்கின்றன. அந்நிழலில், கலத்தின் உடலோடு சேர்த்துப் பொருத்திய தகட்டில் ஒரு சிறு நினைவுச் சில்லு உள்ளது. பதினொரு இலட்சத்திற்கு மேற்பட்ட மக்களின் பெயர்களும், பார்க்கரின் படங்களும், 1958-ஆம் ஆண்டில் சந்திரசேகர் அச்சிட இசைந்த அந்தக் கட்டுரையின் படி ஒன்றும் அதில் பதிந்துள்ளன.